பட்டறைக் கணக்கு 2.160 கிலோ உதைக்கிறது, உதவுங்கள்

கேள்வி:
சேலம் செவ்வாய்பேட்டையில் ஒரு கொலுசுக் கடையில் கணக்கு எழுதுகிறேன், சேர்ந்து ஏழு மாதம். பட்டறைகளுக்கு வெள்ளிக் கட்டி கொடுத்து, கூலிக்குக் கொலுசு செய்து வாங்குகிறோம். திரும்பி வரும் கொலுசின் எடையையும் டச்சையும் (நூற்றுக்கு எத்தனை பங்கு வெள்ளி என்பது) அடித்தால், எங்கள் எக்செல் தாள் சுத்த வெள்ளியைக் கணக்கிட்டுப் பட்டறையின் பேரில் கழிக்கும். மார்ச் கணக்கை முடித்தால் ஒரு பட்டறையின் பேரில் 2.160 கிலோ பாக்கி நிற்கிறது. அவர் நோட்டில் பாக்கியே இல்லை. இருபது வருடமாக எங்களுக்கு வேலை செய்பவர். முதலாளி திங்கட்கிழமை அவரைக் கூப்பிட்டுக் கேட்கப் போகிறார். தவறு என்னுடையதா என்று அதற்குள் தெரிந்தாக வேண்டும்.

லீ பஜார் கணக்கர்:
தம்பி, வித்தியாசத்தை 9ஆல் வகுத்துப் பாருங்கள். 2160ஐ வகுத்தால் மீதியில்லாமல் 240 வருகிறது. 52 என்பதை 25 என்று அடித்தால் 27 உதைக்கும். இலக்கம் இடம் மாறினால் எப்போதும் 9ஆல் வகுபடும். அப்புறம் பாதியையும், அதாவது 1.080ஐயும் தேடுங்கள். வரவு பற்றில் ஏறியிருந்தால் இரட்டிப்பாக உதைக்கும்.

கேள்வி கேட்டவர்:
இரண்டும் பார்த்துவிட்டேன் அண்ணா. சீட்டில் உள்ள எடையும் நான் அடித்த எடையும் எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

வேறொரு பட்டறைக்காரர் மகள்:
எத்தனை டச் கொலுசு? 80 என்றால் 10 கிலோவில் 8 கிலோதான் வெள்ளி, மீதி செம்பு முதலானவை. 2.160 எதில் 20 சதவீதம்? 10.800. அந்த எடையில் சீட்டு இருக்கிறதா பாருங்கள். எங்கள் அப்பா சில நேரம் 13.500 கிலோ கொலுசைக் கொடுத்துவிட்டு, சீட்டில் சுத்தம் 10.800ஐ மட்டும் எழுதுவார். அதற்கு நீங்கள் மறுபடி 80 போட்டால் 8.640தான் வரவாகும். ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தவர் கடன்காரராகிவிடுவார்.

கேள்வி கேட்டவர்:
இருக்கிறது அக்கா! ஜனவரி சீட்டு, 10.800, பக்கத்தில் சின்னதாக ‘சு’ என்று இருக்கிறது. நான் கவனிக்கவே இல்லை. அவரிடம் போனில் கேட்டேன், கொலுசு எடை 13.500தான் என்றார்.

லீ பஜார் கணக்கர்:
நல்லது, என் வழி இதில் உதவவில்லை. சேதாரம் என்று தனியாக ஒரு ஜர்னல் பதிவு போட்டு மூடாதீர்கள், அந்த ஜனவரி பதிவையே திருத்துங்கள். ஐடிசி-04, அதாவது கூலி வேலைக்கு அனுப்பித் திரும்பிய சரக்கைக் காட்டும் ஜிஎஸ்டி படிவம், இன்னும் தாக்கல் செய்யவில்லை என்றால் திரும்பி வந்த எடையை அதிலும் சரிபாருங்கள், கடைசி நாள் ஏப்ரல் 25. ஒரு வருடத்துக்குள் திரும்பாத சரக்கை விற்றதாகவே ஜிஎஸ்டியில் எடுத்துக்கொள்வார்கள். முதலாளியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், திங்கட்கிழமை வரை வைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
சீட்டோடு அவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன் அண்ணா.