ஓ.எச்.எல் போனால் அமெரிக்கக் கல்லூரி ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

மார்க்கம்_அப்பா:
வணக்கம். மகன் 2010இல் பிறந்தவன், ஐஸ் ஹொக்கியில் டிஃபென்ஸ், ரொறன்ரோவில் அண்டர் 16 ட்ரிப்பிள் ஏ (அந்த வயதுக்கு மேல் மட்டம்) விளையாடுகிறான். ஓ.எச்.எல் (ஒன்ராறியோவின் பெரிய ஜூனியர் லீக்) அணிகள் சுற்றுச் சுற்றாக ஆள் எடுக்கும் தேர்வில் கடைசிச் சுற்றுகளில் யாராவது எடுக்கலாம் என்று கோச் சொல்கிறார். அவனுக்கு அமெரிக்கக் கல்லூரியில் விளையாட ஆசை (எங்களுக்கும்தான்). றிங்கில் மற்றத் தகப்பன்மாரிடம் இத்தனை வருடமாகக் கேட்டது ஒன்றுதான்: ஓ.எச்.எல் போனவனை என்.சி.ஏ.ஏ (அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பு) திரும்பியும் பார்க்காது. இப்போது அப்படி இல்லையாம். எது உண்மை? ஓ.எச்.எல் அணியின் பயிற்சி முகாமுக்கு அனுப்புவதா, அதற்கு ஒரு படி கீழான ஜூனியர் ஏ வழியிலேயே விடுவதா? இதற்கிடையில் ஒரு ஆலோசகர், இப்போது இவ்வளவு தாருங்கள், கல்லூரி இடம் கிடைத்தால் மிச்சத்தைத் தாருங்கள் என்று நாள் தவறாமல் போன் எடுக்கிறார். ஸ்கேற், ஸ்ரிக், ஹோட்டல் என்று ஏற்கெனவே வீட்டுக் கடனுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது செலவு.

நீலக்கோடு:
அண்ணை, அது 2025 ஓகஸ்ட் முதலாம் திகதியோடு பழங்கதை. முன்பு ஓ.எச்.எல், மேற்குக் கனடாவின் டபிள்யூ.எச்.எல், கியூபெக் லீக் மூன்றையும் என்.சி.ஏ.ஏ தொழில்முறை ஆட்டமாகவே பார்த்தது, ஏனென்றால் பிள்ளைகளுக்குக் கைச்செலவுக்குக் காசு கொடுப்பார்கள், என்.எச்.எல் என்ற தொழில்முறை லீக்கின் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களும் அதே அணியில் நிற்பார்கள். கழகச் செலவில் 48 மணி நேரத்துக்கு மேல் முகாமில் நிற்கவே பயந்த காலம் அது. 2024 நவம்பரில் விதியை மாற்ற முடிவெடுத்தார்கள். இப்போது தங்குமிடம், சாப்பாடு மாதிரியான உண்மையான செலவுக்கு மேல் காசு வாங்காதவரை பிரச்சினை இல்லை.

டபிள்யூ.எச்.எல் இல் இருக்கும் மெடிசின் ஹற் கழகத்தின் கதையை மட்டும் பாருங்கள். 2013இல் கேல் மக்காரை எட்டாம் சுற்றில் எடுத்தார்கள். அவர் அங்கே போகாமல் புரூக்ஸ் என்ற சின்ன ஊரில் ஜூனியர் ஏ விளையாடி, மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகம் போய், 2019இல் கல்லூரி ஹொக்கியின் பெரிய விருதான ஹோபி பேக்கரையும் வாங்கினார். 2022இல் அதே கழகம் முதல் ஆளாக எடுத்த கேவின் மெக்கென்னா அங்கேயே விளையாடிவிட்டு 2025இல் நேரே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். முகாமுக்குத் தாராளமாக அனுப்புங்கள்.

கோலி_அம்மா:
நீலக்கோடு சொன்னது சரி, ஆனால் பாதிதான். வழி திறந்தது உங்கள் மகனுக்கு மட்டும் இல்லையே. கல்லூரி ஹொக்கியின் மேல் மட்டமான ஆண்களுக்கான முதல் டிவிஷனில் இருப்பது அறுபது சொச்சம் கல்லூரிகள், அணியின் அளவு பற்றிய இன்னொரு புதிய விதிக்குள் வந்தவற்றில் ஒரு அணிக்கு 26 பேர்தான். முன்பு ஓ.எச்.எல் முடித்த இருபது வயதுப் பையன் கனடாப் பல்கலைக்கழகத்துக்குத்தான் வருவான், இப்போது அவனும் அமெரிக்க வரிசையில் நிற்கிறான். அதனால் இடிபடுவது யார்? ஜூனியர் ஏ இலிருந்து நேரே போகலாம் என்று நம்பியிருந்த எங்கள் பிள்ளைகள்தான். என் மூத்தவனோடு பேசிக்கொண்டிருந்த ஒரு கோச் அந்த வருடம் மின்னஞ்சலுக்குப் பதில் போடுவதையே நிறுத்திவிட்டார். மூன்று மாதம் நான் அவனுக்குத் தெரியாமல் இன்பொக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, பதினெட்டு வயதில் பள்ளிக்கூடம் முடிந்ததும் கல்லூரி என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலானவர்கள் இன்னும் ஒன்றிரண்டு வருடம் ஜூனியர் விளையாடிவிட்டு இருபதில்தான் போகிறார்கள். அமெரிக்காவின் யூ.எஸ்.எச்.எல் என்ற ஜூனியர் லீக்கில் பெற்றோர் கட்டணம் கட்டத் தேவையில்லை, இங்கே ஜூனியர் ஏ இல் காசு கேட்கிற அணிகளும் உண்டு. கையெழுத்திட முதல் கேளுங்கள்.

மூன்றாம்_லைன்:
ஆலோசகர் விஷயத்தை ஏன் ஒருவரும் தொடவில்லை? "இடம் கிடைத்தால் மிச்சம்" என்று பேசுவதே ஆபத்து. கல்லூரி இடத்தையோ உதவித்தொகையையோ வைத்துக் கட்டணம் வாங்குவதை என்.சி.ஏ.ஏ ஏற்பதில்லை, கடைசியில் மாட்டுவது பையன்தான். போனை எடுக்காதீர்கள்.

அப்புறம் மார்க்ஸ். முதல் டிவிஷனுக்கு என்.சி.ஏ.ஏ கேட்பது கிரேட் 9இலிருந்து 16 முக்கியப் பாடங்கள், அவற்றில் பத்து கிரேட் 12 தொடங்க முன்னரே முடிந்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானமாக இருக்க வேண்டும். ஐந்தாவது வருடம் இழுத்துப் படித்துச் சரிசெய்யலாம் என்று எங்கள் ஆட்கள் சொல்வதை நம்பாதீர்கள், நேரத்துக்கு முடித்த பிறகு ஒரே ஒரு பாடம்தான் கூட்டிக்கொள்ளலாம். நான் இதைக் கிரேட் 12இல்தான் கேள்விப்பட்டேன்! நல்ல மார்க்ஸ் இருந்தால் கோர்னெல், பிரின்ஸ்டன் மாதிரி இடங்களுக்கும் முயலலாம். அங்கே விளையாட்டுக்கென்று உதவித்தொகை இல்லை, வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான் தருவார்கள். மூன்றாம் டிவிஷனும் அப்படித்தான், விளையாட்டுக்குக் காசு கிடையாது. ஆனால் நான்கு வருடம் நன்றாக விளையாடிப் பட்டத்தோடு வந்தேன், எனக்கு அதில் குறையில்லை.

மார்க்கம்_அப்பா:
எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு நாளும் கோல் கணக்குத்தான் எழுதி வைத்தேன், பாடக் கணக்கு எழுதவில்லை. இந்தக் கோடையில் கணிதத்தைத் திருப்பி எடுத்தால் பழைய மார்க்ஸை விட்டுவிடுவார்களா?

மூன்றாம்_லைன்:
இரண்டில் கூடினதைத்தான் எடுப்பார்கள், அண்ணை. ஆனால் அந்தக் கோடைகாலப் பாடம் என்.சி.ஏ.ஏ அங்கீகரித்த பட்டியலில் இருக்க வேண்டும், பள்ளிக்கூடத்தின் பெயரைப் போட்டு அவர்களுடைய இணையதளத்திலேயே தேடலாம். பதிவதற்கு முதல் பாருங்கள்.