லாகர் மட்டுமே குடித்துப் பழகியவர் வீட்டில் முதலில் எந்த வகை பீரைக் காய்ச்சலாம்?

கேள்வி: கிச்சனர்வாசி

அனைவருக்கும் வணக்கம். நான் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் கிச்சனர் நகரில் வசிக்கிறேன். சென்னையில் இருந்த நாள் முதல், நன்றாகக் குளிரவைத்த வெளிர் லாகரைத் தவிர வேறு எந்தப் பீரையும் நான் விரும்பிக் குடித்ததில்லை. இங்கு வந்த பிறகு நண்பர்கள் வற்புறுத்தி, ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற கசப்பு மிகுந்த ஏல் ஒன்றை வாங்கித் தந்தார்கள். வேப்பங்கொழுந்தை மென்றதுபோல் கசப்பு அடிநாக்கிலேயே தங்கிவிட்டது. அத்துடன் ஏல் வகைகள் நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிட்டேன்.

ஆனால் சென்ற அக்டோபரில் எங்கள் ஊர் அக்டோபர்ஃபெஸ்ட் விழாவில் தேன் நிறத்தில் ஒரு பீர் குடித்தேன். நன்றாகச் சிவக்க வெந்த ரொட்டியின் மேலோட்டில் வரும் மணம் அதில் இருந்தது, மிகவும் பிடித்துப்போனது. அதுவும் லாகர்தான் என்று பரிமாறியவர் சொன்னபோது, லாகர் என்றால் என்ன என்பதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று உணர்ந்தேன்.

அதற்கு முன்பு, ஜூலை மாதத்தில், டின்னில் வரும் மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) பாகு ஒன்றை வாங்கி வீட்டிலேயே லாகர் செய்ய முயன்றேன். மூடிக்கு அடியில் இருந்த ஈஸ்ட் பொட்டலத்தைத் தூவி, வாளியைச் சமையலறை மூலையில் 24 டிகிரியில் வைத்தேன். கிடைத்த பீரில் அழுகும் நிலைக்குக் கனிந்த வாழைப்பழ வாசனையும், நகப்பூச்சை அழிக்கும் திரவத்தின் நெடியும் அடித்தன. டின்னின் மேல் லாகர் என்றுதான் அச்சிட்டிருந்தது. நான் எங்கே தவறினேன்? பிற வகைகளை எந்த வரிசையில் சுவைத்துப் பார்க்கலாம்? இதற்கென்று தனிக் குளிர்பதனப் பெட்டி வாங்காமல் எதைக் காய்ச்சலாம்? எங்கள் நிலவறை இப்போது 15 டிகிரியில் இருக்கிறது. இன்னொன்றும் கேட்க வேண்டும்: பச்சைப் புட்டியில் வரும் ஐரோப்பிய லாகர்களில் ஒரு தனி வாடை இருக்கிறதே, அதுதான் பில்ஸ்னர் என்ற பொன்னிற லாகர் வகையின் அடையாளமா?

பதில் 1: நொதிகலன்

வணக்கம். லாகர், ஏல் என்ற பிரிவு நிறத்தையோ கசப்பையோ வைத்து வந்ததன்று. எந்த ஈஸ்ட், எந்த வெப்பநிலையில் வேலை செய்தது என்பதை வைத்து வந்தது. லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம். ஏல் ஈஸ்ட் ஒரு பெற்றோர்; குளிரைத் தாங்கும் காட்டு ஈஸ்ட் மற்றொரு பெற்றோர். அந்தக் காட்டு ஈஸ்டை 2011இல்தான் படகோனியக் காடுகளில் அடையாளம் கண்டார்கள். இந்தக் கலப்பினம் 9 முதல் 13 டிகிரிக் குளிரில் நிதானமாக நொதிக்கும். அதனால் பழவாசனை தரும் எஸ்டர்கள் குறைவாகவே உருவாகும். உங்கள் நாக்கு விரும்பும் அந்தத் துப்புரவான சுவைக்கு முதல் காரணம் இதுதான்.

டின் பீர் கெட்டதற்கு உங்களை நொந்துகொள்ள வேண்டாம். லாகர் என்று எழுதியிருந்தாலும் பல டின்களின் மூடிக்கு அடியில் இருப்பது ஏல் ஈஸ்ட்தான், ஏனென்றால் வாங்குபவர் எல்லோரிடமும் குளிர்ந்த அறை இருக்காது. மேலும் நொதித்தல் தானே வெப்பத்தை உண்டாக்கும். அறை 24 டிகிரி என்றால், நொதித்தல் உச்சத்தில் இருக்கும்போது வாளிக்குள் 27 வரை ஏறியிருக்கலாம். அந்தச் சூட்டில் வாழைப்பழ வாசனையும் அந்த நெடியும் வருவது இயல்பு.

உங்கள் 15 டிகிரி நிலவறை ஒரு வரம். அதில் நான் காய்ச்சச் சொல்வது, ஜெர்மனியின் கொலோன் நகருக்கே உரிய கோல்ஷ். அது ஏல் ஈஸ்டால் ஆனது. ஆனால் சற்றுக் குளிர்ந்த சூட்டில் நொதித்து, பின்னர் லாகரைப் போலவே உறைநிலையை ஒட்டிய குளிரில் சில வாரங்கள் ஊறும். அதனால் வெளிறிய பொன்னிறமும் மெல்லிய பழச் சாயலும் கொண்ட, குடித்து முடித்ததும் நாக்கை வறட்சியாக விட்டுச்செல்லும் பீர் கிடைக்கும். எந்த ஊர்ப் பீரைக் கோல்ஷ் என்று அழைக்கலாம் என்று கொலோன் ஆலைகள் 1986இல் தமக்குள் ஒப்பந்தமே செய்துகொண்டன. அங்கே அதை 0.2 லிட்டர் கொள்ளும் ஒடுங்கிய கோப்பையில்தான் தருவார்கள். காலியான கோப்பையின் மேல் அட்டையை மூடி வைக்கும்வரை அடுத்தது வந்துகொண்டே இருக்கும்.

19 லிட்டருக்கு 2.4 கிலோ பில்ஸ்னர் மால்ட் உலர்தூள் எடுத்து, டெட்னாங் வகை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் கொடிப்பூ) 40 கிராமுடன் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, விரைவாக ஆறவைத்து, கோல்ஷுக்கான ஈஸ்டைச் சேர்த்தால் போதும். தொடக்க அடர்த்தி (நொதிக்கும் முன், தண்ணீரை 1.000 என்று கொண்டு அளப்பது) 1.047க்கு அருகிலும், ஆல்கஹால் ஏறத்தாழ 4.8 சதவீதத்திலும் நிற்கும். வாளியின் பக்கவாட்டில் வெப்பமானிப் பட்டை ஒன்றை ஒட்டிவிடுங்கள். அறையின் சூட்டைப் பார்க்காமல் அந்தப் பட்டையைப் பாருங்கள்.

பதில் 2: கருமால்ட்

காய்ச்சுவதற்கு முன் சுவைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். பீர் கறுக்கக் கறுக்கக் கனமாகும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். 1842இல் பில்சென் நகரில் யோசஃப் க்ரோல் என்ற பவேரியர் பொன்னிற லாகரைக் காய்ச்சுவதற்கு முன்பு, பவேரியாவில் லாகர் பெரும்பாலும் பழுப்பு நிறத்தில்தான் இருந்தது. மியூனிக் நகரின் டுங்கெல் லாகர் இன்றும் அப்படியே இருக்கிறது. ஷ்வார்ட்ஸ்பியர் என்ற ஜெர்மன் லாகருக்குப் பெயரிலேயே கறுப்பு. குடித்தாலோ பில்ஸ்னரைப் போல் இலகுவாக இறங்கும், வறுத்த மால்ட்டின் மணம் மட்டும் பின்னணியில் நிற்கும்.

எனவே ஒரே மாலையில் ஒரு ஹெலஸையும் (மியூனிக்கின் வெளிர் லாகர்) ஒரு செக் பில்ஸ்னரையும் அருகருகே ஊற்றி மாறி மாறிக் குடித்துப் பாருங்கள். முன்னதில் மால்ட்டின் மென்மை ஓங்கியிருக்கும். பின்னதில் சாஸ் ஹாப்ஸின் மூலிகை மணமும் உறுதியான கசப்பும் ஓங்கியிருக்கும். எது பிடிக்கிறதோ அதுவே அடுத்த வழியைக் காட்டும். ஹெலஸ் பிடித்தால் மேர்ட்ஸன் (அக்டோபர்ஃபெஸ்டுக்குப் பேர்போன தேன் நிற லாகர்), டுங்கெல் என்று போகலாம். பில்ஸ்னர் பிடித்தால், இன்று ஐபிஏ பிடிக்காத உங்களுக்கு அடுத்த ஆண்டு வெளிர் ஏல் பிடிக்கக்கூடும். பனிக்கட்டிக் குளிரில் மட்டும் குடிக்காதீர்கள். 7 அல்லது 8 டிகிரிக்கு வந்த பிறகுதான் மணம் வெளிப்படும்.

பச்சைப் புட்டியின் வாடை பில்ஸ்னரின் அடையாளம் அன்று. அது வெளிச்சம் செய்த கேடு. ஹாப்ஸின் கசப்புப் பொருள்களில் ஒளி பட்டால் கந்தகம் கலந்த ஒரு சேர்மம் உண்டாகிறது. பழுப்புப் புட்டி அதைப் பெருமளவு தடுக்கும், பச்சை தடுக்காது. அதே பீரை டின்னில் வாங்கி ஒப்பிட்டால் உங்களுக்கே விளங்கும்.

பதில் 3: மியூனிக்பிரியர்

நொதிகலன் அவர்களின் விளக்கத்தை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் முதல் பீராகக் கோல்ஷைச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. வெளிர் பீரில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. ஈஸ்ட் சற்றுச் சோர்ந்தாலும், வாளியைக் கழுவியதில் சிறு குறை இருந்தாலும், முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். ஏற்கெனவே ஒருமுறை மனம் நொந்தவருக்கு இரண்டாவது முயற்சி கைகூடியாக வேண்டும்.

நண்பரே, உங்கள் கேள்விக்குள்ளேயே பதில் இருக்கிறது. விழாவில் நீங்கள் விரும்பிய அந்த ரொட்டி மணம் லாகர் ஈஸ்ட் தந்ததன்று. அது மியூனிக் மால்ட் தந்தது. உலையில் சற்று அதிகச் சூட்டில் உலர்த்துவதால் அந்தத் தானியத்துக்கு அந்த நிறமும் மணமும் சேர்கின்றன. அதை ஏல் ஈஸ்டைக் கொண்டும் பெறலாம். அதே 19 லிட்டருக்கு 1.5 கிலோ எடையுள்ள மியூனிக் மால்ட் பாகு டின் இரண்டு, அதே 40 கிராம் ஹாப்ஸ், அமெரிக்க ஏல் ஈஸ்டான யூஎஸ்-05 ஒரு பொட்டலம், பட்டையில் 16 முதல் 18 டிகிரி. இவ்வளவுதான். இதை மேர்ட்ஸன் என்று சொல்ல முடியாது என்றாலும், அதன் பங்காளி என்று தாராளமாகச் சொல்லலாம். மூன்று வாரம் வாளியைத் திறக்காமல் விட்டு, அடர்த்தி இரண்டு மூன்று நாள்களாக மாறாமல் நிற்கிறது என்று ஹைட்ரோமீட்டரில் உறுதி செய்த பிறகே, நுரைக்காக 115 கிராம் டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரையைக் கரைத்துப் புட்டிகளில் அடையுங்கள். அவசரப்பட்டு அடைத்தால் புட்டி வெடிக்கும். இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கிச்சனர்வாசி

மூவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒரே பீரைப் பச்சைப் புட்டியிலும் டின்னிலும் வாங்கி நேற்று ஒப்பிட்டேன். அந்த வாடை புட்டியில் மட்டும்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகளாக அதைத் தரத்தின் அடையாளம் என்று நினைத்துவந்தேன். ஹெலஸ், பில்ஸ்னர் இரண்டில் என் மனம் ஹெலஸின் பக்கமே சாய்ந்தது.

ஆகவே மியூனிக் மால்ட்டில் தொடங்கி, அது கைகூடினால் பிப்ரவரியில் கோல்ஷ் காய்ச்சலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். சனிக்கிழமை இரவு ஈஸ்டைத் தூவினேன். இன்று காலை வாளியின் மேல் இரண்டு விரற்கடை நுரை நிற்கிறது. நிலவறை 15 டிகிரி, பட்டை 17 காட்டுகிறது.