எல்சி3 கலவை: தண்ணீர் கூட்டினால் மறுநாளும் இறுகவில்லை, குறைத்தால் கலக்கவே முடியவில்லை

கரண்டிக்காரன்:
எல்சி3, அதாவது சுட்ட களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்த சிமென்ட், செய்து பார்க்கிறேன். கிளிங்கர் (சூளையில் சுட்டெடுத்த, சிமென்ட்டின் மூலப்பொருளான கட்டி) 50 சதவீதம், சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15, ஜிப்சம் 5 என்ற வழக்கமான விகிதத்தில் சின்ன அளவில் கலந்து பார்க்கிறேன். களிமண்ணைச் சுட்டது 800 டிகிரி செல்சியஸில். சாதாரண சிமென்ட்டுக்கு ஊற்றும் அதே தண்ணீரை, அதாவது தூளின் எடையில் 0.45 பங்கு, ஊற்றினால் கரண்டியில் அப்பிக்கொண்டு விழவே மாட்டேன் என்கிறது. தண்ணீரைக் கூட்டினால் இளகுகிறது, ஆனால் மறுநாள் அச்சைக் கழற்றினால் ஓரத்தில் நகம் பதிகிறது. எங்கே பிடிக்க வேண்டும்? களிமண் சரியாகச் சுடவில்லையா?

சூளைமேடு:
முதலில் தண்ணீரைக் கூட்டுவதை நிறுத்துங்கள். சுட்ட கயோலின் (இந்தக் கலவைக்கு ஏற்ற களிமண்) துகள் தட்டையாக, மெல்லிய ஏடு ஏடாக இருக்கும், அதன் பரப்பு ரொம்ப அதிகம், தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு மருந்து சூப்பர்பிளாஸ்டிசைசர், அதாவது தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் ரசாயனம்தான், அதுவும் சாதாரண சிமென்ட்டுக்குப் போடுவதைவிடக் கூடுதலாகக் கேட்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிப் பாருங்கள்.

சுட்டது போதுமா என்று பார்க்க ஒரு வழி உண்டு. சுட்ட தூளில் கொஞ்சம் எடுத்து, ஈரம் போக உலர்த்தி எடை போட்டு, மறுபடி 800 டிகிரியில் வைத்து எடுங்கள். எடை இன்னும் இறங்கினால் உள்ளே நீர் மிச்சம் இருக்கிறது. (மண்ணில் சுண்ணாம்பு கலந்திருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும்.) சுத்தமான கயோலினைட் (கயோலின் மண்ணின் முக்கியக் கனிமம்) முழுதாகச் சுட்டால் கிட்டத்தட்ட 14 சதவீத எடையை நீராக விடும். அதற்காக 950ஐத் தாண்டிப் போய்விடாதீர்கள், வேறு படிகமாக மாற ஆரம்பித்துவிடும், அப்புறம் அது வெறும் நிரப்புத்தூள்தான்.

நீரேற்றம்:
மறுநாள் நகம் பதிவதில் ஆச்சரியமே இல்லை. முதல் நாள் வேலை பெரும்பாலும் கிளிங்கருடையது, உங்களிடம் அது பாதிதான் இருக்கிறது, அதிலும் தண்ணீரைக் கூட்டிவிட்டீர்கள். கிளிங்கர் தண்ணீரோடு சேர்ந்து பசையையும் கால்சியம் ஹைட்ராக்சைடையும் தரும். சுட்ட களிமண் அந்த ஹைட்ராக்சைடைத் தின்றுதான் கூடுதல் பசை உண்டாக்க வேண்டும், ஆக அது தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. களிமண்ணிலிருந்து வரும் அலுமினா சுண்ணாம்புக்கல்லோடு சேர்ந்து கார்போஅலுமினேட் படிகங்களாகித் துளைகளை அடைக்கும். சுண்ணாம்புக்கல்லைச் சுடாமலே போடுகிறோமே, அது சும்மா இடத்தை அடைக்கவில்லை என்பதுதான் இந்தக் கலவையின் சூட்சுமம். மண்ணில் கயோலினைட் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஏழாம் நாள் வாக்கில் சாதாரண சிமென்ட்டை எட்டிப் பிடிக்கும். மறுநாளை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஜிப்சத்தையும் ஒரு தடவை பாருங்கள். களிமண் இருந்தால் அலுமினேட் வினை வேகம் பிடிக்கும், ஜிப்சம் தரும் சல்ஃபேட் பற்றவில்லை என்றால் முதல் நாள் வலிமை அடிபடும்.

கரண்டிக்காரன்:
சரி, 0.45லேயே நின்று சூப்பர்பிளாஸ்டிசைசர் போடுகிறேன். இவ்வளவு மெனக்கெட்டால் கார்பன் நிஜமாகவே குறைகிறதா? களிமண்ணையும் சூளையில்தானே சுடுகிறோம்?

சூளைமேடு:
குறைகிறது, 40 சதவீதம் வரை சொல்கிறார்கள். எரிபொருள் மிச்சம் ஒரு பங்குதான். 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் கல்லிலிருந்தே 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு போகும், நீங்கள் எந்த எரிபொருளை எரித்தாலும் அது போகத்தான் செய்யும். கயோலினிலிருந்து போவது நீராவி. கிளிங்கருக்கு 1450 டிகிரி வேண்டும், இதற்கு 800 போதும்.

பழைய கான்கிரீட்:
எல்லாரும் புகழ்கிறீர்கள், நான் குறுக்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். ஹைட்ராக்சைடைக் களிமண் தின்றுவிடுவதால் காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடு இந்தக் கான்கிரீட்டில் சீக்கிரம் உள்ளே இறங்கும். உடைத்த முகத்தில் பினால்ஃப்தலின் (காரம் இருந்தால் இளஞ்சிவப்பாகும் கரைசல்) தெளித்தால் இளஞ்சிவப்பு ஏறாத ஓரம் சாதாரண கான்கிரீட்டில் இருப்பதைவிட அகலமாகத் தெரியும். காரம் போன இடத்தில் கம்பி துருப்பிடிக்கும், அதனால் கம்பி போட்ட வேலை என்றால் இதைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும். உப்புக்காற்று அடிக்கும் இடத்தில் கதை வேறு, துளைகள் நுண்ணியவை என்பதால் குளோரைடை நன்றாகவே தடுக்கும். எதுவானாலும் ஈரம் காயாமல் குறைந்தது ஏழு நாள் வைத்திருங்கள். களிமண் வேலை செய்வதே பிந்தித்தான், அதற்குள் காயவிட்டால் மேல் தோல் பொடியாக உதிரும்.