தாடை மூட்டு வாதம்: வலி மாத்திரை எதுவரை வேலை செய்யும்?

பல்மருத்துவ_மாணவன்:
தாடை மூட்டு ஆர்த்ரைடிஸுக்கு இபுப்ரோஃபென், நாப்ராக்சன் கொடுத்தால் வலி பாதி இறங்கி அங்கேயே நின்றுவிடுகிறது. நரம்பே கிளப்பிவிடும் அழற்சியை இவை தொடுகின்றனவா?

ட்ரைஜெமினல்:
நேரடியாக இல்லை. இந்த மூட்டின் உணர்வில் பெரும்பங்கு காதுக்கு முன்னால் ஓடும் ஆரிகுலோடெம்போரல் நரம்பு வழியாகப் போகிறது. மூட்டு புண்பட்டால் அதன் நுனிகள் மூளைக்குச் சேதி அனுப்புவதோடு நிற்பதில்லை. மூட்டுக்குள்ளேயே சப்ஸ்டன்ஸ் பி, சிஜிஆர்பி என்ற பெப்டைடுகளைக் கொட்டுகின்றன. சிஜிஆர்பி ரத்தக்குழாயை விரிக்கும். சப்ஸ்டன்ஸ் பி குழாயைக் கசியவைக்கும், அழற்சிப் பொருள்களைக் கொட்டும் மாஸ்ட் செல்களையும் கிளறும். வலி மாத்திரை அடைப்பது காக்ஸ் நொதியை மட்டுமே. அதனால் அந்த நொதி வழி உண்டாகும் அழற்சிப் பொருளான ப்ராஸ்டாகிளாண்டின் இ2 குறைகிறது. நரம்பு நுனியைத் தொட்டாற்சிணுங்கி ஆக்குவதே அதுதான் என்பதால், பெப்டைடு கசிவும் ஓரளவு தணியும். ஏற்கெனவே கொட்டிய பெப்டைடு அதன் வேலையைச் செய்தே தீரும்.

மருந்துச்சீட்டு:
அதற்குமுன் அளவைப் பாருங்கள். வலிக்கும்போது ஒன்று போட்டால் அழற்சி அடங்காது. வயிறு, சிறுநீரகம், இதயம் சரியாக உள்ளவருக்கு நாப்ராக்சன் 500 மி.கி. காலை, இரவு, சாப்பிட்டபின், இரண்டு மூன்று வாரம் விடாமல். 2004-இல் வெளியான ஆறு வார ஒப்பீட்டில் இந்த அளவு போலி மாத்திரையை வென்றது. இன்னொரு வலி மாத்திரையான செலிகாக்சிப் 100 மி.கி. இருவேளை வெல்லவில்லை. (அதில் பங்கேற்றவர்களுக்கு இருந்தது மூட்டுக்குள் இருக்கும் டிஸ்க் என்ற தட்டு விலகியதோடு மூட்டுவலி, அப்படியே ஆர்த்ரைடிஸுக்குப் பொருத்திவிடாதீர்கள்.) இரண்டு வலி மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பது வீண், வயிற்றுப்புண்தான் கூடும். ரத்த அழுத்தத்துக்கு ஏசிஇ தடுப்பானும் நீர் மாத்திரையும் எடுப்பவரிடம் சிறுநீரகம் திடீரெனப் படுத்துவிடலாம்.

பல்மருத்துவ_மாணவன்:
மைக்ரேனுக்குத் தரும் சிஜிஆர்பி தடுப்பு ஊசி?

ட்ரைஜெமினல்:
தாடை மூட்டுக்கு அங்கீகாரம் கிடையாது.

தாடை_அறுவை:
மீதி வலி மூட்டுடையதுதானா என்று முதலில் பாருங்கள். காதுக்கு முன்னால் அழுத்தினால் வலிக்கிறதா, கன்னத்து மாசெட்டர் தசையிலா? ஆரிகுலோடெம்போரல் நரம்பை மரக்கவைத்தும் வலி அசையவில்லை என்றால் மாத்திரையை மாற்றிப் பயனில்லை: தசை, அல்லது மூளைத்தண்டில் ஊறிவிட்ட வலி. அங்கே, குறைந்த அளவில் நாள்பட்ட வலிக்கும் தரும் மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலின் இரவு 10 மி.கி. யோசிக்கலாம்.

மூட்டுதான் காரணம், வாயும் 35 மி.மீ.க்கு மேல் திறக்கவில்லை என்றால் ஆர்த்ரோசென்டெசிஸ், அதாவது ஊசி வழியாக மூட்டைக் கழுவுவது. மூட்டின் மேல் அறையில் இரண்டு ஊசி, ஒன்றில் ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல் 100 மி.லி.யாவது ஏற்றி மற்றதில் வெளியேற்ற வேண்டும். இரண்டாவது ஊசியில் சொட்டு விழவில்லை என்றால் அது அறைக்குள் இல்லை. அழுத்தி ஏற்றாதீர்கள், திரவம் திசுவில் பரவிக் கன்னம் வீங்கும். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டால் குருத்தெலும்பு கெடும்.

காலை விறைப்பு அரை மணிக்கு மேல் நீடித்து விரல் மூட்டும் வீங்கினால் உடனே வாதநோய் நிபுணரிடம் அனுப்புங்கள்.