அறிவியல் வகுப்பில் ஒரு குழந்தை கேட்டு, நாம் தட்டிக்கழித்த கேள்வி: உங்கள் அனுபவம் என்ன? (ஒவ்வொரு பதிலுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

கரும்பலகை

தட்டில் நீர் ஊற்றி, நடுவில் எரியும் மெழுகுவர்த்தியை நிறுத்தி, மேலே கண்ணாடிக் குவளையைக் கவிழ்க்கும் சோதனையை இங்கே அனைவரும் அறிவீர்கள். ஐந்தாம் வகுப்பில் அதை ஆண்டுதோறும் செய்துகாட்டி, "ஆக்சிஜன் எரிந்து தீர்ந்தது, அந்த இடத்தை நிரப்ப நீர் ஏறியது, காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்" என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது என் வழக்கம். அன்றும் அப்படியே முடித்தேன். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி மட்டும் குவளையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நீர் நின்ற மட்டத்தில் விரல் நகத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "எரியும்போது தண்ணீர் ஏறவே இல்லையே டீச்சர், அணைந்த பிறகுதானே விறுவிறுவென்று ஏறியது?" என்றாள்.

"புத்தகத்தில் இருப்பதை எழுது" என்றேன். எழுதினாள். தேர்வில் அந்த வினாவுக்கு முழு மதிப்பெண்ணும் பெற்றாள். ஆண்டு முடியும்வரை என்னிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

வெகுநாள் கழித்துத் தனியாகச் செய்து பார்த்தபோதுதான் அவள் பார்த்ததை நானும் பார்த்தேன். குவளையைக் கவிழ்க்கும்போதே சூட்டில் விரிந்த காற்று விளிம்பு வழியே குமிழியாக வெளியேறுகிறது. தீ அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்க, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்திகளை வைத்தால் நீர் இன்னும் மேலே ஏறுகிறது; குவளைக்குள் இருந்த ஆக்சிஜன் என்னவோ அதே அளவுதான். போதாக்குறைக்கு, ஆக்சிஜன் கணிசமாக மிச்சமிருக்கும்போதே தீ அணைந்துவிடுகிறது. பத்து வயதுக் குழந்தை கண்ணால் பார்த்துச் சொன்னதை, பார்க்காமலேயே நான் மறுத்திருக்கிறேன்.

முளைப்பயறு

என் கதையில் குற்றவாளி ஒரு நட்சத்திர ஒட்டி. மூன்றாம் வகுப்பில் ஈரப்பஞ்சில் பயறு முளைக்கவிட்டு, நாள்தோறும் வரைந்து எழுதும் குறிப்பேடு வைத்திருந்தோம். ஒரு சிறுவன் யாரும் சொல்லாமலே ஒரு விதையைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, வேர் வளைந்து மீண்டும் கீழ்நோக்கிப் போவதை நான்கு நாட்களாக வரைந்துகொண்டிருந்தான். மற்றவர்களும் அவனைப்போல எழுதட்டும் என்று, நல்ல குறிப்புக்கு ஒரு நட்சத்திரம் என அறிவித்தேன். அடுத்த வாரம் அவன் என் மேசைக்கு வந்து, "இதற்கு எத்தனை நட்சத்திரம் மிஸ்?" என்று கேட்டான். குறிப்பேட்டில் அன்று இருந்தது, முந்தைய நாள் படத்தின் நகல்.

அமெரிக்க உளவியலாளர் மார்க் லெப்பரும் அவருடைய சகாக்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வில் இதையே கண்டார்கள். வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லித் தந்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரைந்த நேரம் மற்றக் குழந்தைகளுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. இதை நான் பயிற்சிக் காலத்திலேயே படித்திருந்தேன் என்பதுதான் உறுத்துகிறது.

நாற்பது நிமிடம்

முளைப்பயறு பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். அதே ஆய்வில், முன்னறிவிப்பு இல்லாமல் பரிசு பெற்ற குழந்தைகளுக்கு ஆர்வம் குறையவில்லை. பரிசையே குற்றம் சொல்வது சரியன்று. பேரம் பேசியதுதான் பிழை. கரும்பலகைக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நாற்பது குழந்தைகள், நாற்பது நிமிடங்கள் என்ற கணக்கில் ஒவ்வொரு கேள்வியையும் சோதனையாக விரித்துக்கொண்டிருக்க இயலாது. சில விளக்கங்களை ஆசிரியர் நேராகச் சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் சொன்ன விளக்கம் தவறு என்பதே சிக்கல், சொல்லிக்கொடுத்தது அன்று.

என் அனுபவம் சிறியது. "இரும்பு ஆணி மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது?" என்று கேட்டுவிட்டு, யாரும் வாய் திறக்காததால் நானே விடையைச் சொன்னேன். பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன், "நான் சொல்ல வந்தேன் சார்" என்றான்.

ஆகவே என் யோசனை: கேள்வி கேட்டபின் மனத்துக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன, வழக்கமாகப் பேசாத குழந்தைகளும் பேசினார்கள், மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் கூடின. குழந்தை விடை சொன்ன பின்னும் அதே மூன்று விநாடி பொறுக்க வேண்டும். "சரி", "நல்லது" என்று உடனே சொன்னால் அடுத்தவர் வாயை மூடிக்கொள்வார். சோதனைக்கு முன் "என்ன நடக்கும்?" என்று ஒவ்வொருவரையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதியவனுக்குத்தான் விடை தெரிந்துகொள்ளும் அவசரம் வரும். கையைத் தூக்கியவரை மட்டும் கேட்காதீர்கள். சோதனைப் பொருளை மேசைமீது வைத்துக்கொண்டு முன்னுரை பேசாதீர்கள். அது கண்ணெதிரே இருக்கும்வரை உங்கள் பேச்சு எவர் காதிலும் ஏறாது. இன்னும் நிறைய இருக்கிறது, கேட்டால் எழுதுகிறேன்.

கடைசி வரிசை

யாரும் கேட்கவில்லை, ஐயா! நான் ஆசிரியன் அல்லன், மாணவனாக இருந்தவன். பேட்டரி, ஒரு கம்பி, ஒரு சிறு பல்பு ஆகியவற்றைக் கொடுத்து எரியவைக்கச் சொன்னார்கள். ஆறு பேர் கொண்ட குழு. கெட்டிக்காரன் என்று பெயரெடுத்தவன் கையில் பொருள், மற்ற ஐவரும் பார்வையாளர்கள். அவன் கம்பியைப் பல்பின் அடிமுனையில் மட்டும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்தான். பக்கவாட்டு உலோகத்தையும் தொடவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. கையை நீட்டினேன். "நீ உடைத்துவிடுவாய், பார்த்துக்கொண்டிரு, போதும்" என்று ஆசிரியர் சொன்னார். பிறகு அவரே எரியவைத்துக் காட்டினார், நான் நினைத்த அதே இடத்தில் கம்பியை வைத்து. அனைவரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

செய்முறை வழிக் கற்றல் என்று பேசும்போது, அந்தக் குழுவில் எத்தனை பேருடைய கை பொருளைத் தொட்டது என்பதையும் தயவுசெய்து எண்ணுங்கள்.

கரும்பலகை

நாற்பது நிமிடம் அவர்களே, விளக்கம் தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை உறுத்துவது அதுவன்று. விளக்கம் சரியாக இருந்திருந்தாலும் அன்று நான் அதே வாக்கியத்தைத்தான் சொல்லியிருப்பேன்.

இந்த ஆண்டு சோதனையைச் செய்துவிட்டு எந்த விளக்கமும் தராமல், நீர் எப்போது ஏறியது என்று மட்டும் கேட்டேன். "எரியும்போதே" என்று பாதி வகுப்பு அடித்துச் சொன்னது. மறுபடி செய்யச் சொன்னார்கள். இரண்டாம் முறை எல்லோரும் எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். குவளை என் கண்ணுக்கே தெரியவில்லை.