கருப்பில் வைக்கும் ஒளிக்கு என்ன சொல்?

அன்புள்ள குழுவினருக்கு,

சிங்கப்பூரில் சிறு பொம்மை உருக்களுக்கு வண்ணம் தீட்டும் நாம், அந்தக் கலைக்குத் தமிழ்ச் சொற்கள் தேடிவருகிறோம். ‘மினியேச்சர்’ என்பதைச் சிற்றுரு என்றும், ‘பிரைமர்’ என்பதை அடிப்பூச்சு என்றும் முடிவு செய்துவிட்டோம். அடுத்தது ‘ஹைலைட்’, அதாவது ஒளி விழுவதுபோல் காட்டத் தீட்டும் வெளிர் நிறம். அகராதியைப் புரட்டினால் ‘சிறப்பம்சம்’ என்று வருகிறது. செய்தி எழுதுகிறவருக்கு அது போதும், தூரிகை பிடித்தவருக்கு ஆகாது. நான் முன்வைப்பது ‘வெளுப்பு’. அடிநிறத்தைவிட வெளுத்த நிறத்தைத்தானே மேலே தீட்டுகிறோம்? விளிம்பில் இழுப்பதை ‘விளிம்பு வெளுப்பு’ எனலாம். கருப்பு உருக்களுக்கான செய்முறைக் குறிப்பில் இந்தச் சொல் இருபது இடத்திலாவது வரப்போகிறது. இப்போதே தீர்மானித்தால் நல்லது.

தெம்பனிஸிலிருந்து

* * *

> அடிநிறத்தைவிட வெளுத்த நிறத்தைத்தானே மேலே தீட்டுகிறோம்?

தம்பி, சிவப்புக்கும் பச்சைக்கும் இது ஓரளவு பொருந்தும். கருப்புக்கு இந்தப் பெயரை வைத்தால், எதைச் செய்யக் கூடாதோ அதையே செய்யச் சொல்வதாகிவிடும். கருப்புச் சட்டையை வெளுத்தால் சாம்பல் சட்டைதான் மிஞ்சும். புதிதாகத் தீட்டுகிறவர்களின் கருப்புக் கவசம் சாம்பல் கவசமாகத் தெரிவதற்கும் காரணம் இதுதான்: ஒளி விழும் இடத்தைச் சிறிதாக வைக்காமல் பரப்பு முழுவதும் வெளிறவிடுகிறார்கள். பரப்பில் பத்துக்கு எட்டுப் பங்காவது கருப்பாகவே நிற்க வேண்டும். மீதியில்தான் ஒளி. அந்த மீதி எவ்வளவு மெலிதாகவும் கூர்மையாகவும் இருக்கிறதோ, அவ்வளவுக்குக் கருப்பு கருப்பாகத் தெரியும்.

குறிப்பில் சேர்க்க, வயேஹோ நிறுவனத்தின் ‘மாடல் கலர்’ வண்ண வரிசையை வைத்து அளவுகளையும் தருகிறேன் (அடைப்புக்குறியில் இருப்பவை வண்ணப் புட்டியின் எண்கள்). அடிநிறமாகத் தனிக் கருப்பைப் பூசாதீர்கள். கருப்பு (70.950) நான்கு சொட்டு, அடர் பிரஷ்ய நீலம் (70.899) ஒரு சொட்டு. அதைவிடக் கருமைக்கு இறங்க இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கலவை. தனிக் கருப்பைத் தகடுகள் சந்திக்கும் பள்ளங்களுக்கு மட்டும் ஒதுக்கிவையுங்கள். கலந்த சொட்டுக் கணக்கை எழுதிவைப்பது அவசியம். பின்னால் திருத்த அதே நிறம் வேண்டும், கண்ணளவில் மறுபடி கலந்தால் திட்டு தெரியும்.

முதல் கோடு ஜெர்மன் சாம்பல் (70.995), வண்ணமும் நீரும் சமபங்கு. நீர் கூடினால் விளிம்பைத் தாண்டி இருபுறமும் வழியும், குறைந்தால் கோடு பாதியில் அறுந்துபோகும். தூரிகையை நனைத்து, காகிதத்தில் ஒருமுறை ஒற்றிவிட்டு, நுனியால் அல்லாமல் மயிரின் பக்கவாட்டால் விளிம்பை 45 பாகை சாய்வில் வருடுங்கள். நுனியால் கோடு கிழிக்க முயன்றால் கை நடுங்கும். பக்கவாட்டில் வருடினால் விளிம்பே தூரிகைக்கு வழிகாட்டும். 32 மில்லிமீட்டர் உருவில் இந்தக் கோடு அரை மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. இரண்டாவது கோடு ஜெர்மன் சாம்பலும் நடுநிலைச் சாம்பலும் (70.992) சரிபாதி. முதல் கோட்டுக்குள்ளேயே, மேல்நோக்கிய விளிம்புகளில் மட்டும். கடைசியாக நடுநிலைச் சாம்பலில் சிறிது தந்த நிறம் (70.918) கலந்து, இரண்டு மூன்று விளிம்புகள் கூடும் மூலையில் ஒரு புள்ளி. வெள்ளையைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கருப்போடு வெள்ளை சேர்ந்தால் நீலம் பாரித்துச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். தந்த நிறத்தின் மஞ்சள் சாயல் அதைத் தடுக்கும்.

கோடு தடித்துவிட்டால் அதன் மேல் கருப்பை அப்ப வேண்டாம். எழுதிவைத்த அடிநிறக் கலவையால், கோட்டின் உட்பக்கத்தை ஒட்டிச் சீவிக்கொண்டே வாருங்கள். மெலிந்த கோடு வேண்டுமென்றால், தடித்த கோட்டை இருபக்கமும் அரிந்து பெறுவதே எளிது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ‘கீற்று’ நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது: பிறைக்கீற்று, ஒளிக்கீற்று, தென்னங்கீற்று. மெலிது, நீளம், அரிந்தெடுத்தது என்ற மூன்று பொருளும் அதற்குள் இருக்கின்றன. விளிம்புக்கீற்று, முதற்கீற்று, இரண்டாங்கீற்று. கீற்று இழு, கீற்று தடித்துவிட்டது, கீற்றை அரி. மூலைப் புள்ளிக்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். பொட்டு. மூலையில் பொட்டு வை.

‘வெளுப்பு’ போகட்டும். ஆனால் வெளுத்துப்போகும் பிழைக்கும் ஒரு பெயர் வேண்டும். ‘சாம்பல் பூத்தல்’ என்பேன். ‘உன் கவசம் சாம்பல் பூத்திருக்கிறது’ என்றால் எவருக்கும் உடனே புரியும்.

ஈசூனிலிருந்து

* * *

பொட்டு, சாம்பல் பூத்தல் இரண்டையும் மனமார ஏற்கிறேன். ஆனால் அண்ணே, கீற்று தகட்டுக்கும் கத்தி உறைக்கும் பொருந்துகிறதே தவிர, துணிக்குப் பொருந்தாது. கருப்பு அங்கியின் மடிப்பில் விளிம்பே கிடையாது. அங்கே ஒளி அகலமாக, மங்கலாக, கரை தெரியாமல் பரவுகிறது. அதற்குக் கீற்று இழுத்தால் துணி தகடாகிவிடும்.

கருப்பு என்பது ஒரே பொருள் இல்லை என்பதைக் குறிப்பில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். துணிக்கு உச்ச ஒளி ஜெர்மன் சாம்பலைச் சற்றே தாண்டினால் போதும். ஒரு பங்கு வண்ணத்துக்கு எட்டுப் பங்கு நீர் வைத்து, ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. தூரிகை இழுப்பு எங்கே முடிகிறதோ அங்கே வண்ணம் தேங்கும், ஆகவே எப்போதும் ஒளி வேண்டிய பக்கத்தில் முடியுங்கள். தோல் வாரும் காலணியும் நீலத்தை ஏற்காது. அடிநிறத்திலேயே அடர் பழுப்பைக் கலந்து, விளிம்பில் தேய்ந்ததுபோல் ஒழுங்கற்ற சிறு கீறல்கள். வண்டிச் சக்கர ரப்பருக்கு மினுமினுப்பே கூடாது, மண் கலந்த பழுப்புச் சாம்பல்தான். கூந்தலில் இழைக்கு ஒரு கோடு என்று இழுக்கிறவர்கள் உண்டு. நரைத்ததுபோல் ஆகிவிடும். உச்சியைச் சுற்றி, இழைகளுக்குக் குறுக்கே ஒரு பட்டையாக ஒளி வர வேண்டும். நவராத்திரிக்கு வாங்கும் கொலுப் பொம்மைகளின் கொண்டையைப் பாருங்கள், தட்டையான கருப்பு, மேலே வார்னிஷ். அறை விளக்கு தானாகவே ஒரு பட்டையைப் போட்டுவிடுகிறது. அந்தப் பட்டையைத்தான் நாம் சிற்றுருவில் தூரிகையால் எழுதுகிறோம்.

தூரத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் கோபுரத்துச் சுதை உருவங்களைத் தெருவில் நின்று அண்ணாந்து பார்க்கிறோம். சிற்றுருவை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பார்க்கிறோம். அங்கே தடித்த கோடு எடுப்பாக இருக்கும், இங்கே அதுவே துருத்தும்.

ஆகவே பொதுச்சொல்லாகத் ‘துலக்கம்’ வைத்துக்கொண்டு, விளிம்புக்கு மட்டும் ‘கீற்று’ என்று சொன்னால் என்ன?

பிடோக்கிலிருந்து

* * *

அக்கா, துலக்கம் அழகான சொல். ஆனால் பாத்திரம் துலக்குவதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. துணி மடிப்பைத் துலக்கு என்றால் பளபளப்பாக்கு என்றே புரிந்துகொள்வார்கள். நீங்கள் கூடாது என்று சொன்னதே அதைத்தான்.

‘வெளுப்பு’ என்று நான் எழுதியது தவறு என்று இப்போது தெளிவாகிறது. அது எந்த நிறம் என்பதைச் சொன்னதே தவிர, எந்த இடம் என்பதைச் சொல்லவில்லை. இடத்தைச் சொல்லும் ஒரு சொல்: மேட்டொளி. மேடும் பள்ளமும் நமக்கு இணைச்சொற்கள். பள்ளத்தில் நிழல், மேட்டில் ஒளி. கருப்பு அடிப்பூச்சின் மேல் சாம்பலைப் பக்கவாட்டிலிருந்து 45 பாகையிலும் வெள்ளையை உச்சியிலிருந்தும் தெளித்துப் பார்த்தால், எவை மேடு என்பதை உருவே காட்டிவிடும். அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு தீட்டலாம்.

தெம்பனிஸிலிருந்து

* * *

மேட்டொளி எனக்கும் பிடித்திருக்கிறது, ஒரு தடையுடன். மெருகேற்றிய கருப்புத் தலைக்கவசத்தில் ஒளி மேட்டில் நிற்பதில்லை. விளக்கும் கண்ணும் சந்திக்கும் கோணத்தில் நிற்கிறது, கவசத்தைத் திருப்பினால் நகர்கிறது. அங்கே ஒளிப் பரப்பு சிறிது, கரை கூர்மை, பக்கத்திலேயே முழுக் கருப்பு. வெள்ளையை அஞ்சாமல் வைக்கக்கூடிய ஒரே இடமும் அதுதான். அக்காவின் துலக்கத்தை இதற்கு வைத்துக்கொள்வோமே? பாத்திர நினைவு இங்கே இடையூறு இல்லை, துணை. துணிக்கு மேட்டொளி, தகட்டு விளிம்புக்குக் கீற்று, மெருகுக்குத் துலக்கம்.

ஈசூனிலிருந்து

* * *

சம்மதம். இன்னொரு பிழைக்கும் பெயர் வேண்டும், நம் ஊரில் அது அடிக்கடி வருகிறது. வேலையெல்லாம் முடித்து ‘மேட்’ (மினுமினுப்பில்லாத) வார்னிஷ் தெளித்ததும் கருப்பு முழுவதும் வெண்மையாக மூடிக்கொள்வது. வேகமாக ஆவியாகும் கரைப்பான் பரப்பைக் குளிர்விக்கிறது, காற்றின் ஈரம் அதில் படிந்து சிக்கிக்கொள்கிறது. சிங்கப்பூரில் விடியலில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டும், மழையில்லாத பிற்பகலில் 60 அளவுக்கு இறங்கும். தெளிக்க வேண்டுமென்றால் அந்த இரண்டு மூன்று மணி நேரத்தில் தெளியுங்கள், மெல்லிய இரண்டு பூச்சாக. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடித் தாழ்வாரத்தில் தெளித்தால் அண்டை வீட்டாருக்கும் தொந்தரவு. தூரிகையால் பூசும் வார்னிஷே உத்தமம்.

சிலர் இதையும் ‘சாம்பல் பூத்தது’ என்று எழுதுவார்கள். கலந்துவிடக் கூடாது, ஏனென்றால் மருந்து வேறு. இதைப் ‘பனிப்படலம்’ என்று தனியாகக் குறிப்போம். சந்தேகம் வந்தால் சுத்தமான தூரிகையில் நீர் தொட்டு அந்த இடத்தை நனைத்துப் பாருங்கள். ஈரம் இருக்கும்வரை வெண்மை மறைந்து, காய்ந்ததும் திரும்பி வந்தால் பனிப்படலம். மெல்லிய ‘கிளாஸ்’ (பளபளப்பான) வார்னிஷ் ஒரு பூச்சு, நன்றாகக் காய்ந்த பின் தூரிகையால் மேட் வார்னிஷ், பெரும்பாலும் தெளிந்துவிடும். நனைத்தும் சாம்பல் அப்படியே நின்றால் சாம்பல் பூத்தல். அதற்கு வார்னிஷ் உதவாது, அடிநிறக் கலவையை எடுத்துக் கீற்றை அரிய வேண்டியதுதான்.

பிடோக்கிலிருந்து