பால்குடிக் குட்டிக்குப் பறவைக் காய்ச்சல் வந்தது எப்படி?

அலைமோதி:
அர்ஜென்டினாவின் வால்டெஸ் தீபகற்பத்தில் 2023 அக்டோபரில் யானைச் சீல் என்ற கடல் பாலூட்டியின் குட்டிகள் சுமார் 17,400 செத்துப்போயின. அந்தப் பருவத்தில் பிறந்ததில் 95 சதவீதத்துக்கும் மேல். காரணம் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ். உடனே 'சீலுக்குச் சீல் பரவுகிறது' என்று ஆளாளுக்கு எழுதுகிறார்கள். அவசரப்படுகிறார்கள் என்பது என் கட்சி. 2022இல் அமெரிக்காவின் மெய்ன் கரையில் 300க்கு மேல் சீல்கள் ஒதுங்கியபோதும் இதே பேச்சுதான். கடைசியில் பறவைகளிடமிருந்து தொற்றியதாகத்தான் ஆய்வாளர்கள் கருதினார்கள்.

நுண்ணாடி:
மெய்ன் வேறு, வால்டெஸ் வேறு. சீலின் உறவான கடற்சிங்கம் பறவையைத் தின்னும், சரி. யானைச் சீல் குட்டி? தாய்ப்பாலைத் தவிர எதையும் தொடாத வயது. அது எந்தப் பறவையைக் கடித்தது?

அலைமோதி:
கடித்தால்தான் வருமா? நஞ்சுக்கொடியைக் கொத்தக் கடற்காகங்கள் குட்டிகளுக்கு நடுவிலேயே திரிகின்றன. எச்சம் போதாதா?

நுண்ணாடி:
கடற்காகம் வருஷா வருஷம்தான் திரிகிறது. முந்தைய ஆண்டு அதே கரையில் குட்டிச் சாவு ஒரு சதவீதம்கூட இல்லை.

அலைமோதி:
முந்தைய ஆண்டு அந்தக் கரைக்கு வைரஸே வரவில்லையே! இது ஒரு வாதமா?

நுண்ணாடி:
ஒப்புக்கொள்கிறேன், அது பலவீனமான வாதம். மரபணுவுக்கு வருவோம். பெரு, சிலி, அர்ஜென்டினா மூன்று நாட்டுக் கடல் பாலூட்டிகளிலும் எடுத்த வைரஸ்கள் வைரஸ் குடும்ப மரத்தின் ஒரே கிளையில் நிற்கின்றன. வைரஸின் பிபி2 என்ற புரதத்தில் டி701என் என்ற மரபணு மாற்றமும் கூடவே இருக்கிறது. பாலூட்டி உடலில் பெருக உதவும் மாற்றம் அது. ஒவ்வொரு கரையிலும் பறவையிடமிருந்து புதிதாகத் தொற்றியிருந்தால், ஒவ்வொரு முறையும் அதே மாற்றம் தற்செயலாக முளைத்ததா?

கரைமணல்:
குறுக்கே ஒரு பழைய கதை. 1979-80இல் அமெரிக்காவின் கேப் காட் பக்கம் எச்7என்7 என்ற இன்னொரு காய்ச்சல் வைரஸ் வந்து 400க்கு மேற்பட்ட சீல்கள் நிமோனியாவில் செத்தன. அவற்றைக் கையாண்ட சிலருக்குக் கண் அழற்சியும் வந்தது. சீல்கள் கரையேறினால் ஒன்றன்மேல் ஒன்றாகத்தான் கிடக்கும். ஒன்று இருமினால் பக்கத்தில் இருப்பது தப்புமா? இதைவிட விசித்திரம், 1999இல் நெதர்லாந்தில் ஒரு சீலிடம் இன்ஃபுளூயன்சா பி கிடைத்தது. அது நம் மனிதக் காய்ச்சல். பறவையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாதீர்கள்.

அலைமோதி:
நெருக்கம் எனக்கும் தெரியும். அதே நெருக்கத்தில்தான் மெய்னிலும் கிடந்தன, அங்கே ஏன் தொடரவில்லை?

நுண்ணாடி:
அங்கே அந்தக் கிளை இல்லை. இன்னொன்று. வால்டெஸில் இறந்த ஆலா என்ற கடற்பறவைகளிடம் இருந்ததும் பாலூட்டிக் கிளை வைரஸ்தான். அதாவது சீல் வகைகளிடமிருந்து பறவைக்குத் திரும்பிப் போயிருக்கிறது. உங்கள் அம்புக்குறி தலைகீழ்.

அலைமோதி:
ஆலா விஷயம் கொஞ்சம் உறுத்துகிறது. சரி, பாலூட்டிகளுக்குள் சுற்றியது என்று வைத்துக்கொள்கிறேன். ஆனால் தாயின் பாலிலா, மூச்சிலா, கிடந்த மணலிலா? வழியைக் காட்டும்வரை 'காற்றில் பரவுகிறது' என்று எழுதுகிறவர்களோடு நான் சண்டை போடுவேன்.

நுண்ணாடி:
அந்தச் சண்டையில் நானும் உங்கள் பக்கம்தான்.